நம்பர் பிளேட் இல்லாத வண்டிக்கு யார் பொறுப்பு?

ஞாயிற்றுக்கிழமை மாலை கடக்வாஸ்லா அணைக்கரையில் கால் வைக்க இடம் இருக்காது. சுட்ட சோளக்கதிரில் எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தேய்த்துக் கொடுக்கும் கடைகள், வெங்காய பஜ்ஜி வாசனை, சாலையின் இரு பக்கமும் நெருக்கியடித்து நிற்கும் கார்கள். ஒரு பக்கம் புனே நகரம் குடிக்கும் தண்ணீர். அந்த நீருக்கு அப்பால், நாட்டின் முப்படை அதிகாரிகளை உருவாக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமி. நிமிர்ந்து பார்த்தால் சிங்ககட் கோட்டை. அங்கிருந்து பான்ஷேத் நோக்கி நீளும் சாலையில் பண்ணை வீடுகளும் விடுதிகளும் வரிசை கட்டுகின்றன.

புனேயைச் சுற்றி முல்ஷி, லோனாவ்ளா, பான்ஷேத் என எந்தப் பக்கம் போனாலும் இத்தகைய விடுதிகளில் இப்போது ஒரு புதிய ஈர்ப்பைப் பார்க்கலாம். நீச்சல் குளத்துக்கும் ஜிப் லைனுக்கும் பக்கத்தில், வேலி அடைத்த மண்தரையில், நான்கு தடித்த சக்கரங்களோடு நிற்கும், எல்லாத் தரையிலும் ஓடும் ஏ.டி.வி. வண்டி. இத்தனை சுற்றுக்கு இவ்வளவு ரூபாய் என்று கணக்கு. டிக்கெட் வாங்கினால் தலையில் ஒரு ஹெல்மெட் ஏறும், அரை நிமிடத்தில் பாடம் முடியும், வண்டி கிளம்பிவிடும்.

அந்த வண்டியை ஒருமுறை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். ஹேண்டில்பாரின் வலப்பக்கம், கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு சின்ன நெம்புகோல். அதுதான் ஆக்சிலரேட்டர். பைக்கில் கைப்பிடியை முறுக்கிப் பழகியவர்கள் பதற்றத்தில் பிடியை இறுக்கும்போது, கட்டைவிரலும் சேர்ந்தே அந்த நெம்புகோலை அழுத்திவிடும். பிரேக் பிடிக்க நினைக்கும் நொடியில் வண்டி பாயும். கார் டயரில் 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று இருக்குமென்றால், இந்த டயர்களில் பெரும்பாலும் 10க்கும் குறைவுதான். மேடுபள்ளத்தில் பந்து மாதிரித் துள்ளும். எடை 200 கிலோவுக்கு மேல் போகும், அதுவும் உயரத்தில் நிற்கும் எடை. இருக்கை நீளமாக இருப்பதைப் பார்த்து இரண்டு பேருக்கானது என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலான மாடல்களில் அந்த நீளம், ஓட்டுபவர் ஒருவரே வளைவிலும் ஏற்றத்திலும் முன்பின் நகர்ந்து உடல் எடையால் வண்டியைச் சமன் செய்வதற்காக விடப்பட்டது. அதில்தான் அப்பா பின்னால், மகள் முன்னால் என்று உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அமெரிக்கா இதைப் பல உயிர்களைக் கொடுத்துக் கற்றது. மூன்று சக்கர ஏ.டி.வி.க்கள் கவிழ்ந்து குழந்தைகள் இறந்துகொண்டே இருந்ததால், 1988இல் நீதிமன்ற ஒப்பந்தத்தின் வழியாக உற்பத்தியாளர்கள் அவற்றின் விற்பனையை நிறுத்தினார்கள். 16 வயதுக்கு உட்பட்டவர்கள் பெரியவர்களுக்கான ஏ.டி.வி.யை ஓட்டவே கூடாது என்பது அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் நெடுநாள் அறிவுரை.

வேலிக்குள் போனதும் மாறும் சட்டம்

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போகவே பதிவு எண் வேண்டும், ஓட்டுநர் உரிமம் வேண்டும், காப்பீடு வேண்டும். இத்தனை ஆபத்தான ஏ.டி.வி.க்கு இவை எதுவும் இல்லாமல் போவது எப்படி?

விடை, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28) பிரிவில் இருக்கிறது. 'மோட்டார் வாகனம்' எது என்று வரையறுக்கும் அந்தப் பிரிவு, தொழிற்சாலைக்குள்ளோ வேறு மூடிய வளாகத்துக்குள்ளோ மட்டும் ஓடுவதற்கான தனி வகை வண்டிகளை அதிலிருந்து விலக்கி வைக்கிறது. ஆலைகளுக்குள் சரக்கைத் தூக்கி இறக்கும் வண்டிகளுக்கு இந்த விலக்கு பொருத்தமானதுதான். ஆனால் விடுதி வேலிக்குள் சுற்றும் ஏ.டி.வி.யும், கோ-கார்ட் என்ற சிறு பந்தய வண்டியும் அதே வாசல் வழியாக வெளியேறிவிடுகின்றன. ஆர்.டி.ஓ.வின் பார்வையில் அப்படியொரு வண்டியே கிடையாது. பதிவு இல்லாததால் தகுதிச் சான்று இல்லை. அதனால் பிரேக்கை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லவும் ஆள் இல்லை. ஓட்டுபவரின் வயதைக் கேட்க வேண்டிய கட்டாயம் டிக்கெட் கொடுப்பவருக்கும் இல்லை.

டிக்கெட்டோடு கையெழுத்து வாங்கும் உறுதிமொழித் தாளையும் இங்கே சொல்லியாக வேண்டும். 'எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற அந்த வரியைப் படித்துவிட்டு, இனி எதுவும் கேட்க முடியாது என்றே பலரும் நினைக்கிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற கருத்தையே சட்டத்துக்குள் கொண்டு வந்திருக்கிறது. ஒரு தாளில் கையெழுத்துப் போட்டதால் அடுத்தவரின் கவனக்குறைவு மன்னிக்கப்பட்டுவிடாது. ஆனால் வழக்கு, நஷ்டஈடு எல்லாம் விபத்துக்குப் பிறகு நடப்பவை. ஹரியானாவின் பிஞ்சோரில் 2018 பிப்ரவரியில், கோ-கார்ட்டில் முடி சிக்கி ஓர் இளம்பெண் கணவரின் கண்முன்னே இறந்தார். 2020 அக்டோபரில் ஐதராபாத்தில் ஒரு கல்லூரி மாணவியும் அதே விதத்தில் உயிரிழந்தார். முடியைக் கட்டிச் செருகி ஹெல்மெட்டுக்குள் வைத்தார்களா, அச்சுக்கு மூடி இருக்கிறதா என்று வண்டி கிளம்பும் முன் ஒருவர் பார்த்திருந்தால் இரண்டு பேரும் இன்று நம்மோடு இருந்திருப்பார்கள்.

ஆர்.டி.ஓ. இல்லையென்றால் வேறு யார் பார்ப்பது? உள்ளாட்சிதான் பார்க்க வேண்டும். நிலத்துக்கும் கட்டடத்துக்கும் தொழிலுக்கும் அனுமதி தரும் அதிகாரம் அங்கேதான் இருக்கிறது. கடக்வாஸ்லாவில் சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஓர் ஊர், பல எஜமானர்கள்

2021 ஜூன் 30 வரை கடக்வாஸ்லா ஒரு கிராம பஞ்சாயத்து. அன்று வெளியான அரசாணையில், நாந்தேட், கிர்கட்வாடி, நாந்தோஷி உள்ளிட்ட 23 ஊர்களில் ஒன்றாக அதுவும் புனே மாநகராட்சியில் சேர்ந்தது. ஊராட்சித் தலைவரான சர்பஞ்ச் போனார். அவர் இடத்துக்குக் கவுன்சிலர் வர வேண்டும். ஆனால் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2026 ஜனவரி வரை நடக்கவே இல்லை. கிட்டத்தட்ட நான்கரை ஆண்டுகள் இந்த ஊர்க்காரர்களுக்கு உள்ளாட்சியில் தாங்கள் தேர்ந்தெடுத்த ஒரு பிரதிநிதி இருக்கவில்லை. ஓர் ஊரின் நிலப் பயன்பாடு தலைகீழாக மாறிக்கொண்டிருந்த காலத்தில்தான் இந்த வெற்றிடமும் இருந்தது. இது சாதாரணக் குறை அல்ல.

அதிலும் மாநகராட்சி எல்லை வரைக்கும்தான் மாநகராட்சி. அதைத் தாண்டி பான்ஷேத் சாலையில் போனால், 2015இல் உருவான புனே பெருநகர மண்டல வளர்ச்சி ஆணையம்தான் திட்டமிடும் அமைப்பு. அதன் கீழே ஊருக்கொரு கிராம பஞ்சாயத்து. நீர்ப்பரப்பும் கரையும் நீர்வளத் துறையிடம். சிங்ககட் சரிவு வனத்துறையிடம். எதிர்க்கரை ராணுவத்திடம். விவசாய நிலத்தில் வேறு தொழில் நடத்தினால் வருவாய்த் துறை கேள்வி கேட்கலாம். பொதுக் கேளிக்கை இடம் என்றால் 1951ஆம் ஆண்டு மகாராஷ்டிர காவல் சட்டப்படி அதற்கான உரிமம் தனி.

இத்தனைக்கும் விதியே இல்லாத மாநிலம் அல்ல மகாராஷ்டிரா. சாகசச் சுற்றுலாவுக்கென்று 2021 ஆகஸ்டில் தனிக் கொள்கையை வெளியிட்ட மாநிலம் அது. நிலம், நீர், ஆகாயம் எதில் சாகசம் நடத்தினாலும் சுற்றுலா இயக்குநரகத்தில் பதிவு செய்ய வேண்டும், பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், மீட்பு ஏற்பாடு வேண்டும் என்று அது சொல்கிறது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தோடு சேர்ந்து சாகசச் சுற்றுலா அமைப்பாளர்களின் சங்கம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிமுறைகளில் ஏ.டி.வி. சவாரிக்குத் தனி அத்தியாயமே உண்டு. காகிதத்தில் குறையில்லை. ஆனால் மும்பையில் இருக்கும் ஓர் இயக்குநரகம் பான்ஷேத் சாலையின் ஒவ்வொரு வேலிக்குள்ளும் எட்டிப் பார்க்க முடியாது. எட்டிப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருப்பது வார்டு அலுவலகமும் பஞ்சாயத்து அலுவலகமும்தான்.

பல கைகளில் அனுமதி பிரிந்து கிடந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ராஜ்கோட் சாட்சி. 2024 மே 25 அன்று அங்கே டி.ஆர்.பி. கேம் ஸோன் எரிந்ததில் குழந்தைகள் உட்பட 27 பேர் இறந்தார்கள். தகரக் கூரை போட்ட அந்தக் கட்டடத்துக்குள் கோ-கார்ட் வண்டிகளுக்கான பெட்ரோலையும் ஜெனரேட்டருக்கான டீசலையும் சேமித்து வைத்திருந்தார்கள். காவல் துறையின் உரிமம் இருந்தது. தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இல்லை. கட்டடம் அனுமதியில்லாதது என்று மாநகராட்சி முன்பே நோட்டீஸ் அனுப்பியிருந்தது, இடிக்கவில்லை. மறுநாளே தானாக முன்வந்து வழக்கை எடுத்த குஜராத் உயர் நீதிமன்றம், இது மனிதர்கள் உண்டாக்கிய பேரழிவு என்று கண்டித்தது. ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒரு கோப்பு இருந்தது. எல்லாக் கோப்பையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

புனே மாவட்டத்துக்கும் இந்த அனுபவம் புதிதல்ல. 2024 ஜூன் 30 அன்று லோனாவ்ளாவின் பூஷி அணை அருகே ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார்கள். அதன் பிறகு மாவட்ட ஆட்சியரின் தடை உத்தரவு வந்தது. 2025 ஜூன் 15 அன்று குண்ட்மளாவில் இந்திராயணி ஆற்றின் மேலிருந்த பழைய இரும்புப் பாலம் கூட்டத்தின் எடை தாங்காமல் விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். ஆபத்தானது என்று எச்சரிக்கப்பட்டிருந்த பாலம் அது. முதலில் சாவு, பிறகு தடை. தடையின் சூடு ஆறியதும் பழையபடி கூட்டம்.

இடுக்கியும் கொழுக்குமலையும்

தமிழ் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமான ஊர் ஒன்று உண்டு. தேனி மாவட்டத்தைச் சேர்ந்த கொழுக்குமலைக்கு, தமிழ்நாட்டு மண்ணாக இருந்தும், வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில்தான் ஏற வேண்டும். விடியற்காலை இருட்டில் கற்கள் உருளும் பாதையில் வரிசையாக ஏறும் அந்த ஜீப்புகள் பல நூறு குடும்பங்களுக்குச் சோறு. அந்த ஓட்டுநர்களில் கணிசமானோர் தமிழ் பேசுபவர்கள்.

சாலையில்லாத தரையில் வண்டி ஓட்டும் ஆஃப் ரோடு பயணங்களைக் கட்டுப்படுத்துவதில் இந்தியாவில் அதிகம் தடுமாறியதும், அதிகம் கற்றதும் சூரியநெல்லி இருக்கும் இடுக்கி மாவட்டத்தின் நிர்வாகமாகத்தான் இருக்கும். 2022 மே மாதம் வாகமண்ணில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் நடந்த ஆஃப் ரோடு நிகழ்ச்சியில் மலையாள நடிகர் ஜோஜு ஜார்ஜ் ஜீப் ஓட்டினார். மாவட்டத்தில் அத்தகைய நிகழ்ச்சிகளுக்கு ஆட்சியர் முன்பே கட்டுப்பாடு விதித்திருந்தார். வழக்குப் பதிவானது, மோட்டார் வாகனத் துறை விதித்த 5,000 ரூபாய் அபராதத்தை அவர் கட்டினார். தனியார் தோட்டத்துக்குள் நடந்தாலும் பொறுப்பு உண்டு என்பதை அந்த அபராதம் ஊருக்குச் சொன்னது. தோட்டப் பயிருக்கென்று ஒதுக்கிய நிலத்தை இதற்குப் பயன்படுத்தலாமா என்ற கேள்வியும் அப்போது எழுந்தது. கடக்வாஸ்லாவின் பண்ணை நிலங்களுக்கும் அப்படியே பொருந்தும் கேள்வி அது.

2025 ஜூலையில் மூணாறு அருகே போத்தமேட்டில், தமிழ்நாட்டுப் பயணிகள் சென்ற ஜீப் கவிழ்ந்து ஒருவர் உயிரிழந்தார். மாவட்டம் முழுக்க ஜீப் சஃபாரிக்கும் ஆஃப் ரோடு பயணத்துக்கும் ஆட்சியர் தடை போட்டார். ஒரே நாளில் ஓட்டுநர்களின் அடுப்பு அணைந்தது. பிறகு பாதை எது, வண்டி தகுதியானதா, ஓட்டுநர் யார் என்று பார்த்துப் படிப்படியாகத் திறந்தார்கள். இந்தச் சோதனையைத் தடைக்கு முன்பே செய்திருந்தால் உயிரும் போயிருக்காது, பிழைப்பும் நின்றிருக்காது. மொத்தத் தடையை ஆதரிப்பவர்கள் இந்த ஓட்டுநர்களை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். பான்ஷேத் சாலையிலும் ஏ.டி.வி.யைத் துடைத்து, பெட்ரோல் ஊற்றி, கூடவே ஓடுபவர்கள் பக்கத்து ஊர் இளைஞர்கள்தான்.

தமிழ்நாடு இதற்கொரு வழி காட்டியிருக்கிறது. 2018 மார்ச் 11 குரங்கணி காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 23 பேரைப் பறிகொடுத்த பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' தொடங்கியபோது 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. இணையத்தில் முன்பதிவு, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களுக்குப் பயிற்சி, அவர்களே வழிகாட்டிகள். விதியும் வேலையும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதற்குக் கண்முன் இருக்கும் உதாரணம் அது.

மண் போய்ச் சேரும் இடம்

உயிர்ப் பாதுகாப்பை ஒட்டியே இன்னொன்றும் இருக்கிறது. அது கடக்வாஸ்லாவுக்கு மிக முக்கியம். புனேக்குத் தண்ணீர் தருபவை நான்கு அணைகள். டேம்கர், வரஸ்காவ், பான்ஷேத், கடைசியாகக் கடக்வாஸ்லா. நான்கும் சேர்ந்து 29.15 டி.எம்.சி. இதில் கடக்வாஸ்லாவின் பங்கு 2 டி.எம்.சி.க்கும் கொஞ்சம் குறைவு. மேலே இருக்கும் மூன்று அணைகளின் நீரும் இந்தச் சின்னப் பாத்திரத்தின் வழியாகத்தான் நகரத்துக்குப் போகிறது. 1879இல் கட்டி முடிக்கப்பட்டு, 1961 ஜூலை 12 அன்று பான்ஷேத் அணை உடைந்தபோது தானும் உடைந்து, மறுபடி எழுந்த அணை இது. இதில் படியும் ஒவ்வொரு கூடை வண்டலும் குடிநீருக்கான இடத்தைத்தான் பறிக்கிறது. ஓய்வுபெற்ற கர்னல் சுரேஷ் பாட்டீலின் 'க்ரீன் தம்ப்' அமைப்பு ஆண்டுக்கணக்கில் இங்கே தூர் வாரி, கரையில் மரம் நட்டு வருகிறது.

ஆஃப் ரோடு தடத்தில் வண்டி சுற்றிச் சுற்றி ஓடும்போது முதலில் புல் போகும். பிறகு இந்தப் பக்கத்தில் 'முரும்' என்று சொல்கிற செம்பழுப்புச் சரளை மண் பொடிந்து மாவாகும். சக்கரம் அழுத்திய பள்ளங்கள் ஜூன் மாத முதல் மழையில் வாய்க்கால்களாகும். சரிவில் இருந்தால் அந்த வாய்க்கால் போய்ச் சேரும் இடம் ஏரிதான். கூடவே சொட்டிய எண்ணெயும் போகும். எனவே நீர்விளிம்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் தடம் இருக்கலாம், எந்தச் சரிவுக்கு மேல் கூடாது, மழைக்காலத்தில் எத்தனை மாதம் மூட வேண்டும் என்பவை அனுமதிச் சீட்டிலேயே எழுதப்பட வேண்டிய நிபந்தனைகள்.

இது மிகையான எதிர்பார்ப்பு இல்லை. கலிஃபோர்னியாவின் ஓஷியானோ மணற்குன்றுகள் அமெரிக்காவின் புகழ்பெற்ற ஆஃப் ரோடு பூங்காக்களில் ஒன்று. நடத்துவது மாநில அரசு. வண்டிகள் கிளப்பும் புழுதி காற்றில் போய்ப் பக்கத்து ஊர் மக்களின் நுரையீரலில் இறங்கியபோது, சான் லூயிஸ் ஒபிஸ்போ என்ற மாவட்ட அளவிலான காற்றுத் தர அமைப்பு 2011இல் ஒரு விதி கொண்டு வந்து, மாநில அரசையே புழுதிக்குக் கணக்குச் சொல்ல வைத்தது. குன்றுகளின் ஒரு பகுதியை வேலியடைத்துச் செடி நட வேண்டியதாயிற்று. அந்தப் பூங்காவில் வண்டிகளை அறவே நிறுத்துவது பற்றிய வழக்குகள் பின்னாலும் தொடர்ந்தன. சின்ன உள்ளூர் அமைப்பு நினைத்தால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

அதே மாநிலத்தில் இன்னொரு நல்ல வழக்கம். சாலையில் ஓடத் தகுதியில்லாத வண்டிக்கும் அங்கே பதிவு உண்டு. பச்சை நிற ஒட்டுச்சீட்டு ஒன்றில் எண் போட்டு வண்டியில் ஒட்ட வேண்டும். அந்தக் கட்டணப் பணம் தடங்களைப் பராமரிக்கவும், கெட்டுப்போன நிலத்தைச் சீரமைக்கவும் போகிறது. 1986 முதல் தயாரான வண்டிகளின் இரைச்சல் 96 டெசிபலைத் தாண்டக் கூடாது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை பொது நிலத்தில் ஏ.டி.வி. ஓட்டினால் பெரியவர் ஒருவரின் நேரடிக் கண்காணிப்பு கட்டாயம்.

புனே மாநகராட்சி இதைச் செய்ய டெல்லியைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தொழில் உரிமம் தரும் அதிகாரம் அதன் கையில் இருக்கிறது. உரிமம் கேட்டு வரும் ஒவ்வொரு சவாரித் தடத்திலும் வண்டிகளுக்கு எண் போடச் சொல்லலாம். வேலியில் உரிம எண், காப்பீட்டு எண், குறைந்தபட்ச வயது, கடைசியாகச் சோதித்த தேதி ஆகியவற்றை மராத்தியில் எழுதிய பலகையைத் தொங்கவிடச் சொல்லலாம். அனுமதிக்கு முன் காவல், தீயணைப்பு, நீர்வளம், வனம் எல்லாரையும் ஒரே நாளில் தடத்துக்கு அழைத்துப் போகலாம். எல்லைக்கு வெளியே இருக்கும் பஞ்சாயத்துகளுக்கு அதே படிவத்தைப் பெருநகர ஆணையம் கொடுக்கலாம். இல்லாவிட்டால் மாநகராட்சி எல்லையில் விதி போட்ட மறுநாள், தடங்கள் எல்லாம் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய்க் கடை விரிக்கும்.

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளுக்கும் இது பொருந்தும். ஏலகிரியிலும் கொடைக்கானலிலும் இதே வண்டிகள் வந்துவிட்டன. பொதுமக்கள் கூடும் கேளிக்கை இடங்களுக்கு உரிமம் கேட்கும் சட்டம் நம் மாநிலத்தில் 1888ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது.

சிவணே, கடக்வாஸ்லா, தாயரி பக்கத்து மக்கள் 2026 ஜனவரி தேர்தலில் புனே மாநகராட்சிக்குத் தங்கள் பிரதிநிதிகளை அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கவுன்சிலர்களிடம் ஊர் கேட்க வேண்டியது இதுதான்: இந்த வார்டில் எத்தனை சவாரித் தடங்கள் இருக்கின்றன, எவற்றுக்கு உரிமம் இருக்கிறது என்ற பட்டியலை அடுத்த ஜூன் மழைக்கு முன் வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்.